ஒரு பாக்கெட் ரொட்டி, நான்கு நாள் தூண்டில்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்துக்கு ரொட்டிக்காரர் சாயங்காலம் நான்கு மணி வாக்கில் மோட்டார் சைக்கிளில் வருவார். லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) முனையில் ஹாரன் கேட்டதும் பிள்ளைகள் எல்லாம் பன்னுக்கு ஓடுவோம். அப்பா நிதானமாக வந்து வெள்ளை ரொட்டி ஒன்றை எடுப்பார். பைக்கு மேலேயே இரண்டு விரலால் நடுவில் அழுத்திப் பார்ப்பார். அமுங்கிய குழி மெல்ல எழும்பிப் பழையபடி ஆனால் வாங்குவார், இல்லையென்றால் திருப்பி வைத்துவிடுவார். இரண்டு ஓரத்துத் துண்டுகளும் நடுவில் நாலு துண்டும் மீனுக்கு. மீதிக்கு டின் பால் தடவி எங்களுக்குத் தருவார்.

எனக்கு இப்போது 57 வயது. அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். நான் 20 வருடம் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை வைத்த பிறகு லயமும் போய்விட்டது. டவுனுக்கு வந்து தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியிருக்கிறோம். ஞாயிறு காலையில் தூண்டிலோடு கிளம்புவது மட்டும் மாறவில்லை. பேரன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று பலருக்கு ரொட்டியை இரையாக வைத்து மீன் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முதல் நாள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். மீனுக்குத்தானே என்று, வீட்டில் யாரும் தொடாமல் கிடந்த காய்ந்த ரொட்டியை எடுத்து வருகிறார்கள். அது முள்ளில் நிற்காமல் பொலபொலவென்று உதிர்ந்ததும், ரொட்டி சரிப்படாது, மண்புழுதான் சரி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பழைய ரொட்டிக்கும் வேலை இருக்கிறது, ஆனால் அது வேறு வேலை. ஒரு பாக்கெட் ரொட்டி முதல் நாள் ஒரு இரை, இரண்டாம் நாள் இன்னொரு இரை, மூன்று நான்கு நாள் ஆனதும் மற்றொரு இரை. இது பிடிபட்டால் ரொட்டித் தூண்டிலில் பாதி கைக்கு வந்த மாதிரி.

முதலில் வாங்குவதைச் சொல்கிறேன். சாதாரண வெள்ளை ரொட்டிதான் வேண்டும். கோதுமை மாவில் இருக்கும் பசைச் சத்துதான் ரொட்டியை முள்ளில் பிடித்து வைக்கிறது. தவிட்டோடு செய்த பழுப்பு ரொட்டியில் அந்தப் பிடிப்புக் குறைவு. வெண்ணெய் அதிகம் சேர்த்த இனிப்பு ரொட்டியும் விரலில் வழுக்கும், ஒட்டாது. கடையில் வாங்கும்போது பையில் இருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். தேதி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ ரொட்டி அவ்வளவு புதிது. அப்புறம் அப்பா செய்த மாதிரி அழுத்திப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஐஸ்பெட்டிக்குள் வைக்காதீர்கள். வெளியில் இருப்பதைவிட அங்கேதான் ரொட்டி சீக்கிரம் விறைத்துப்போகும். மேலே உறைய வைக்கும் தட்டில் வைத்தால் பரவாயில்லை. இல்லையென்றால் பையை இறுக்கிக் கட்டி அலமாரியில் வைத்தாலே போதும்.

தூண்டில் சாமான் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான் பிள்ளையாக இருந்தபோது மூங்கில் கழிதான். இப்போது ஆறடிக் கோலும் நரம்பு சுற்றும் சின்ன மெசினும் வைத்திருக்கிறேன். திலாப்பியா, லம்பாம் மாதிரி மீனுக்கு ஆறு முதல் எட்டு ராத்தல் எடை தாங்கும் தங்கூசி (நைலான் நரம்பு) தாராளம். முள் 8 அல்லது 10-ஆம் நம்பர். நம்பர் கூடினால் முள் சிறியது என்பதை மறந்துவிடாதீர்கள். மெல்லிய தக்கை ஒன்று, அது நிமிர்ந்து நிற்கிற அளவுக்குச் சின்ன ஈயம் ஒன்றிரண்டு. ரொட்டிக்குக் கனத்த தக்கை ஆகாது. மீன் ரொட்டியை உறிஞ்சித்தான் எடுக்கும், பெரிய தக்கை அதைக் காட்டாது.

முதல் நாள் ரொட்டிக்கு வருவோம். இதைத்தான் நிதானமாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

துண்டின் நடுவிலிருந்து, பழைய 50 காசு நாணயம் அளவுக்குப் பஞ்சாகப் பிய்த்தெடுங்கள். கத்தியால் வெட்ட வேண்டாம், பிய்த்தால்தான் ஓரம் நார் நாராக இருக்கும். முள்ளின் தண்டை அதன் நடுவில் வைத்து, ரொட்டியை இரண்டாக மடியுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முள்ளின் தண்டைப் பிடிக்கிற இடத்தில், அதாவது தங்கூசி கட்டும் கண்ணுக்குச் சற்றுக் கீழே மட்டும், பலமாக ஒரு அழுத்து அழுத்துங்கள். கீழே வளைவைச் சுற்றி இருக்கும் ரொட்டியைத் தொடவே கூடாது. மேலே கெட்டி, கீழே பஞ்சு. முள்ளின் கூர் அந்தப் பஞ்சுக்குள் ஒளிந்திருக்க வேண்டும்.

நான் சின்ன வயதில் ரொட்டி விழுந்துவிடுமோ என்ற பயத்தில் உருண்டையாக்கி நசுக்கிவிடுவேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்துவார். "பாப்பா, முள்ளைப் பிடி. ரொட்டியைப் பிடிக்காதே." அவர் சொன்னதன் காரணம் பிறகுதான் புரிந்தது. நசுக்கிய ரொட்டி கல் மாதிரி அடிக்குப் போய்க் கிடக்கும். ஊறிய பிறகு ரப்பர் மாதிரி கெட்டியாகிவிடும். மீன் வாயில் எடுத்தாலும், நீங்கள் கோலைத் தூக்கும்போது கூர் வெளியே வராது, மீன் துப்பிவிட்டுப் போய்விடும். பஞ்சாக விட்ட ரொட்டி தண்ணீர் குடித்து உப்பும். மெல்ல மெல்ல இறங்கும். ஓரத்திலிருந்து துகள் துகளாகப் பிரிந்து தண்ணீரில் ஒரு சின்னப் புகை மாதிரி பரவும். அந்தப் புகையைத்தான் மீன் தேடி வருகிறது. இழுக்கும்போது பஞ்சு தானாகக் கிழிந்து கூருக்கு வழிவிடும்.

வீசும்போது கோலைச் சாட்டை மாதிரி சொடுக்காதீர்கள். ரொட்டி ஒரு பக்கமும் முள் ஒரு பக்கமும் போகும். ஊஞ்சல் ஆட்டுகிற மாதிரி கீழிருந்து மெல்ல விடுங்கள். நாலைந்து நிமிடத்தில் கடி இல்லையென்றால் எடுத்துப் புது ரொட்டி மாட்டுங்கள். முள்ளில் ஒன்றுமே இல்லாமல் அரை மணி நேரம் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீசுவதற்கு முன்னால் ஆழம் பாருங்கள். முள்ளில் கனமான ஈயம் ஒன்றை மாட்டி இறக்கித் தக்கையை நகர்த்தினால் தெரிந்துவிடும். திலாப்பியாவுக்கு அடியிலிருந்து ஒரு சாண் மேலே ரொட்டி தொங்கினால் நல்லது. கடிக்கும்போது தக்கை முதலில் துடிக்கும், நடுங்கும். அது கொறித்துப் பார்ப்பது. அப்போது இழுக்காதீர்கள். தக்கை சாய்ந்து ஒரு பக்கமாக நகர ஆரம்பித்ததும் மணிக்கட்டை மட்டும் தூக்கினால் போதும்.

கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மரம் வெட்டிவிட்டு வரும் அப்பாவின் கையில் ரப்பர் பாலின் வாடையும் அமோனியா வாடையும் ஏறியிருக்கும். ரொட்டிப் பையைத் திறக்கும் முன் எலுமிச்சை இலையைக் கசக்கித் தேய்த்து, குட்டைத் தண்ணீரிலேயே கழுவி, கொஞ்சம் மண்ணையும் எடுத்து உரசிக்கொள்வார். ரொட்டி பஞ்சு மாதிரி, எந்த வாடையையும் உடனே இழுத்துக்கொள்ளும். இப்போது நாம் தடவும் கொசு எண்ணெய், மோட்டார் சைக்கிள் பெட்ரோல், சிகரெட் எல்லாம் அதே கணக்குத்தான். கொசு எண்ணெயைத் தடவிய பிறகு ரொட்டியைத் தொட்டால் அன்றைய பொழுது வீண்.

இரண்டாம் நாள் ஓரத்துத் துண்டின் நாள். பை கட்டியே இருப்பதால் நடுப்பகுதியின் ஈரம் மெல்லத் தோலுக்கு ஏறி, மொறுமொறுப்பாக இருந்த தோல் தோல்செருப்பு வார் மாதிரி வளையும். அதுதான் வேண்டும். தோலோடு கொஞ்சம் வெள்ளையும் சேர்ந்திருக்கிற மாதிரி கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாகப் பிய்த்து, முள்ளைத் தோல் பக்கமாகக் குத்தி, வெள்ளைக்குள் திருப்பி, கூரை மறுபடி தோலில் எட்டிப் பார்க்க விடுங்கள். தக்கையும் வேண்டாம், ஈயமும் வேண்டாம். கரையோரத் தண்ணீரில் ஒரு நொடி நனைத்தால் வீசுவதற்குத் தேவையான கனம் வந்துவிடும். அது மிதக்கும்.

இதற்கு வருகிற மீன் லம்பாம். சுங்கை பிளஸ் ஆற்றில் தண்ணீர் தெளிவாக, ஓட்டம் மெதுவாக இருக்கிற வளைவுகளில் முதலில் முள் இல்லாத தோல் துண்டுகள் நாலைந்தை மிதக்க விடுவேன். தண்ணீர் கீழே இழுத்துக்கொண்டு போகும். எந்த இடத்தில் "சப்" என்று சத்தம் கேட்டு வட்டம் விழுகிறதோ அந்த இடத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு, அதற்கு மேல்பக்கமாக என் துண்டை விடுவேன். லம்பாம் பல நேரம் முதலில் வாலால் அடித்துப் பார்க்கும். தண்ணீர் தெறிக்கும், மனம் படபடக்கும், கை தானாக இழுக்கப் போகும். இழுக்கக் கூடாது. துண்டு கண்ணிலிருந்து மறைந்து, தளர்ந்து கிடந்த தங்கூசி நேராக ஆரம்பித்த பிறகுதான். இந்தப் பொறுமை எனக்கு வர இரண்டு வருடம் ஆனது.

சின்னப் பிள்ளைகளோடு போனால் இரண்டாம் நாள் ரொட்டியில் இன்னொன்று செய்யலாம். ஒரு துண்டைப் போத்தலால் உருட்டித் தட்டையாக்கி, பேனா மூடியால் வட்டம் வட்டமாகக் குத்தியெடுத்து, மிகச் சிறிய முள்ளில் மாட்டிக் கொடுங்கள். ஓரத்துச் சின்ன மீன்கள் ஓயாமல் கடிக்கும், பிள்ளைகளுக்குச் சலிக்காது.

மூன்று நான்கு நாள் ஆன ரொட்டியை மாவாகப் பிசைய வேண்டும். பூசணம் பிடித்திருந்தால் மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதைக் கொண்டு வேலை இல்லை. தோலை நீக்கிவிட்டு, ஐந்தாறு துண்டுகளைத் தண்ணீரில் முக்கி உடனே எடுத்து, சுத்தமான துணியில் கட்டிப் பிழியுங்கள். அப்புறம் துணிக்குள்ளேயே வைத்துப் பிசையுங்கள். முதலில் விரலெல்லாம் ஒட்டும். விடாமல் பிசைந்தால் ஒரு கட்டத்தில் ஒட்டுவது நின்று, காது மடல் மாதிரி மென்மையாக வரும். அங்கே நிறுத்த வேண்டும். புது ரொட்டியில் இதைச் செய்தால் கட்டி கட்டியாக, சவ்வு மாதிரிதான் வரும். காய்ந்த ரொட்டி தண்ணீரைச் சமமாகக் குடிப்பதால் மாவு வழுவழுவென்று அமைகிறது.

இதில் என்ன சேர்ப்பது என்று ஆளாளுக்கு ஒரு ரகசியம் வைத்திருப்பார்கள். பாண்டான் சாறு, வெனிலா, முட்டை, பெலாச்சான் (இறால் பசை), தேங்காய்ப்பால் எல்லாம் பார்த்திருக்கிறேன். அப்பா கனிந்த வாழைப்பழம் பாதியை மசித்துச் சேர்ப்பார். நான் டின் பால் ஒரு தேக்கரண்டி விடுவேன், அவ்வளவுதான். தேங்காய்ப்பால் எங்கள் வெயிலில் இரண்டு மணி நேரத்தில் புளித்துவிடும். என் எண்ணம் என்னவென்றால், வாசனையைவிட மாவின் பதம்தான் மீனைப் பிடிக்கிறது. பதம் தெரிந்துகொள்ள, மாவை முள்ளில் வைத்துக் கரையோரம் முழங்கால் ஆழத்தில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறக்கிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் கரைந்தால் கோதுமை மாவு ஒரு சிட்டிகை சேருங்கள். பத்து நிமிடம் ஆகியும் அப்படியே கிடந்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். ஐந்து நிமிடத்தில் ஓரம் கரைந்து உருண்டை பாதியாகத் தேய வேண்டும். சிலர் மாவு நிற்பதற்காகப் பஞ்சு கலந்து பிசைகிறார்கள். நான் செய்வதில்லை. மீன் அதை விழுங்கிவிட்டு முள்ளிலிருந்து தப்பித்துப் போனால் அதன் வயிற்றில் பஞ்சு கிடக்கும், பாவம்.

திலாப்பியாவுக்கு உருண்டை பச்சைப் பட்டாணி அளவு போதும். ரோகுவுக்குக் கோலிக்குண்டு அளவு, அதுவும் தரையில் கிடக்க வேண்டும். பாத்தின் என்ற பெரிய கெளுத்தி வகை மீன் இருக்கிற குட்டை என்றால் எலுமிச்சம்பழ அளவுக்குப் பிடித்து வையுங்கள். ஆனால் அதற்கு நான் முதலில் சொன்ன மெல்லிய தங்கூசி தாங்காது, 20 ராத்தலாவது வேண்டும். விரால் பக்கம் ரொட்டியைக் கொண்டு போகவே வேண்டாம். அது தவளையையும் சின்ன மீனையும் துரத்திப் பிடிக்கிற சாதி.

மீனைக் கூட்டுவதற்குத் தூவுகிற ரொட்டி தனி. மிஞ்சிய தோல்களைத் தேங்காய் துருவியில் துருவி, தேங்காய்ப்பால் பிழிந்த சக்கை ஒரு பிடி சேர்த்து, லேசாக ஈரமாக்கிக்கொள்ளுங்கள். சுண்டைக்காய் அளவு பிடித்துப் பத்து நிமிடத்துக்கு ஒன்று, எப்போதும் தக்கை நிற்கும் அதே இடத்தில். மீனுக்குப் பசி எழ வேண்டும், வயிறு நிறையக் கூடாது. ஒரு காலை முழுவதற்கும் நாலு துண்டு ரொட்டிக்கு மேல் தூவ மாட்டேன். தோட்டத்துக் குட்டை மாதிரி ஓடாத தண்ணீரில் மீதி ரொட்டி அடியில் கிடந்து அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவை அது இழுத்துக்கொள்ளும். ஒரு பாக்கெட்டை அப்படியே கொட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. அடுத்த வாரம் அங்கே போய் மூச்சுவிடத் தவிக்கிற மீனைப் பார்க்கப் போவது நாம்தானே.

எங்கள் பாட்டி திலாப்பியாவை ஜப்பான் மீன் என்றுதான் சொல்வார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் ஆட்சி நடந்தபோது ஜாவாவிலிருந்து மலாயாவுக்குக் கொண்டுவந்த மீன் அது. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடந்த காலம். அந்த மீனிடம் எங்கள் வீட்டில் ஒரு மரியாதை உண்டு. பிடிபட்ட திலாப்பியாவின் வாயைத் திறந்து பாருங்கள். தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். மஞ்சள் மணிகளாக முட்டை தெரிந்தால், கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள்.

போகிற இடத்தைப் பற்றிக் கவனமாகக் கேளுங்கள். பேராக்கில் ஈயம் தோண்டிய பழைய லோம்போங் குட்டைகள் நிறைய. மீனும் நிறைய. ஆனால் அந்தக் கரைகள் ஆற்றங்கரை மாதிரி சரிந்து இறங்குவதில்லை. இரண்டடி வைத்தால் முழங்கால், மூன்றாவது அடியில் தலைக்கு மேல் தண்ணீர். என் தம்பிக்கு 11 வயதாக இருந்தபோது, தூண்டில் புல்லில் சிக்கிக்கொண்டது என்று ஒரு கால் எடுத்து வைத்தான். மணல் சரிந்து ஆள் உள்ளே போய்விட்டான். அப்பா மூங்கில் கழியை நீட்டினார், அவன் பிடித்துக்கொண்டான், தப்பித்தான். அன்றிலிருந்து லோம்போங் கரையில் நான் விளிம்பிலிருந்து ஒரு ஆள் நீளம் தள்ளித்தான் உட்காருகிறேன். நீந்தத் தெரியாத பிள்ளையை அங்கே கூட்டிப் போவதே இல்லை.

தோட்டத்துக்குள் இருக்கும் குட்டை என்றால் முதலில் ஜாகாவிடம் (காவல்காரரிடம்) கேட்டுவிட்டுப் போங்கள். செம்பனைக்குப் புல் மருந்து அடித்த நாளையும் விசாரியுங்கள். மருந்து அடித்த காட்டை ஒட்டிய கால்வாயில் பிடித்த மீனை நான் சமைப்பதில்லை. காலில் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் புண்ணுள்ள காலில் சுலபமாக ஏறும். பிற்பகலில் மேகம் கறுத்தால் கோலை மடக்கிவிடுங்கள், கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். ஆற்றில் தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், மலைப்பக்கம் மழை, வெள்ளம் பாய்ந்து வரப்போகிறது என்று அர்த்தம். இந்தத் திடீர் வெள்ளத்தை மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயேர் என்பார்கள். ரொட்டிப் பையைக்கூட எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். அது பாயும் வேகம் கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

நேரம், காலை ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை. மறுபடி ஐந்து மணிக்கு மேல். வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் மீன் ஆழத்துக்குப் போய்விடும். அப்போது மாவு உருண்டையை மரநிழல் விழும் பக்கம் இறக்கிப் பார்க்கலாம்.

குட்டை மீனுக்குச் சேற்று வாடை இருக்கும் என்பார்கள். உண்மைதான். முடிந்தால் உயிரோடு கொண்டுவந்து நல்ல தண்ணீரில் சில நாள் விட்டுவையுங்கள், வாடை குறையும். இல்லையென்றால் வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுத்து, உப்பும் புளியும் தேய்த்துக் கால் மணி நேரம் வைத்துக் கழுவுங்கள். திலாப்பியா புளிக்குழம்புக்கு நல்லது. லம்பாமில் கவை முள் அதிகம், குழம்பில் போட்டால் பிள்ளைகளுக்குத் தொண்டையில் மாட்டும். அதை இரண்டு பக்கமும் அரிசி அகலத்துக்கு நெருக்கமாக, நடுமுள் வரை கீறல் போட்டு, மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் தடவி, எண்ணெய் நன்றாகச் சூடேறிய பிறகு பொரியுங்கள். கீறல் நெருக்கமாக விழுந்திருந்தால் முள்ளெல்லாம் முறுகிப் பல்லில் நொறுங்கும். அவசரப்பட்டு அடுப்பைக் கூட்டிவிடாதீர்கள், முதுகுப் பக்கம் வேக நேரம் ஆகும்.